கூண்டில் ஏறிய சொல்

அத்தியாயம் 14

ஏழாம் பிரிவை லீலாவதி தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

'நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் காப்புறுதிதாரர் பொறுப்பை ஒப்புக்கொண்டாலோ, ஈடு தருவதாக வாக்களித்தாலோ, இந்தக் காப்புறுதி செல்லாது.'

ஒரே வாக்கியம். அதுதான் அவள் குடும்பத்தைக் கோல சிலாங்கூர் கோர்ட்டுவரை இழுத்து வந்திருந்தது.

அவள் கணவர் நாராயணசாமி லைசென்ஸ் வாங்கிய நில அளவையாளர். ஊரில் 'சர்வே ஐயா'. ஈஜோக்கில் காளியண்ணன் வாங்கிய நிலத்துக்கு அவர் அளந்து கொடுத்த எல்லைக்கல் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது. அந்தக் கல்லை நம்பிக் காளியண்ணன் வீடு கட்டினார். முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் கட்டிய வீடு. பாதி வீடு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரர் நிலத்தில் நின்றது. இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இடித்தார்கள். காளியண்ணனுக்கு நாராயணசாமி நஷ்டஈடு தர வேண்டும் என்று போன வருஷம், எண்பத்தைந்தில், தீர்ப்பும் வந்துவிட்டது.

இப்படி ஒரு தவறு நடந்தால் காப்பாற்றட்டும் என்றுதான் தொழில் பொறுப்புக் காப்புறுதி. பதினோரு வருஷமாகக் கட்டி வந்தார். கேட்ட நேரத்தில் கம்பெனி ஏழாம் பிரிவைத் தூக்கிக் காட்டியது. எங்களைக் கேட்காமல் நீங்களே பொறுப்பை ஏற்றுக்கொண்டீர்கள் என்றது.

நாராயணசாமி கம்பெனி மேல் வழக்குப் போட்டார். இன்று இரண்டாம் நாள்.

தோற்றால் அவர் வீடு ஏலத்துக்குப் போகும். ஜெயித்தால் அந்த வீடும் நிற்கும், காளியண்ணன் வீடும் எழும்பும்.

*

"அண்ணி, அந்தக் கம்பெனி ஏஜெண்ட் அழகேசன் வந்துட்டான். கழுத்துல டை. மாப்பிள்ளை மாதிரி இருக்கான்."

பாலன் மூச்சு வாங்க ஓடி வந்தான். நாராயணசாமியின் தம்பி. அண்ணனோடு காட்டுக்குள் போய் அளவுச் சங்கிலி பிடிப்பதும் கல் நடுவதும் அவன்தான். கோர்ட்டுக்காகச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருந்தான். அது பாதி வெளியே வந்திருந்தது.

"சட்டையச் சரி பண்ணு," என்றாள் லீலாவதி.

"நீங்க வேற அண்ணி. இங்க உசுரு போய்ட்டிருக்கு."

"போற உசுரு ஒழுங்கா உடுத்திட்டுப் போகட்டும்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக வாத்தியாராக இருக்கிறவள். நடுக்கம் வந்தால் யாரையாவது திருத்துவாள்.

கோர்ட்டுப் படியில் காளியண்ணன் நின்றார். வெள்ளை வேட்டி. நாராயணசாமியைக் கண்டதும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"ஐயா, பசியாறிட்டீங்களா? டீச்சர், சௌக்கியமா?"

நாராயணசாமி தலையை ஆட்டினார். அவர் அதிகம் பேசமாட்டார். இன்று அதுவும் இல்லை.

"நீங்க எங்ககூடப் பேசக் கூடாது, காளியண்ணே," என்றாள் லீலாவதி. "நீங்க கம்பெனி சாட்சி."

"நான் எதுக்கு கம்பெனி சாட்சி?" காளியண்ணன் திகைத்தார். "அந்த அழகேசன் தம்பி வந்து கேட்டுச்சு. சர்வே ஐயா உங்கள ஏமாத்திட்டாரா, என்ன சொன்னாருன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! ஐயா தங்கமான மனுசன், வீடு இடிச்ச அன்னிக்கு என்கூடவே நின்னாரு, எல்லாம் பாத்துக்கிறேன்னு சொன்னாருன்னு நல்லா எழுதிக்கன்னேன். கையெழுத்தும் போட்டேன். ஐயாவுக்கு நல்லதுதானே?"

லீலாவதி கணவரைப் பார்த்தாள்.

பாலன்தான் வாயைத் திறந்தான். "ரொம்ப நல்லது பண்ணிட்டீங்க, மாமா."

*

மின்விசிறி சுற்றியது. நீதிபதி மலாய்க்காரர், கண்டிப்பானவர். எதிரே இரண்டு வக்கீல்கள். இவர்கள் பக்கம் கிள்ளானிலிருந்து வந்த பாலகிருஷ்ணன். கம்பெனி பக்கம் ஓங். ஓங் குரலை உயர்த்துவதே இல்லை. அதுதான் லீலாவதிக்குப் பயம்.

காளியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் செல்லையா. ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறவர்.

ஓங் கேட்டார். செல்லையா தமிழில் சொன்னார்.

"உங்கள் வீட்டை இடித்த அன்று வாதி உங்களிடம் என்ன சொன்னார்?"

"நான் மண்ணுல உக்காந்துட்டேங்க. எந்திரிக்க முடியல. ஐயா வந்து தோளப் புடிச்சாரு. 'அழுவாதீங்க காளியண்ணே, எல்லாம் நான் பாத்துக்கிறேன்'னாரு. அதுக்கப்புறந்தான் எந்திரிச்சேன்."

செல்லையா மேசையைப் பார்த்தார். அங்கே அழகேசன் மலாயில் எழுதி வாங்கிய வாக்குமூலம் இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நீதிபதியைத் 'துவான்' என்று விளித்து, அதில் இருந்ததையே மலாயில் சொன்னார்.

"சாயா தங்கோங் செமுவா, துவான்."

லீலாவதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எல்லாவற்றையும் நான் தங்கோங் செய்கிறேன் என்று அர்த்தம். இங்கே பிறந்தவர்களுக்கு அந்த மலாய்ச் சொல் தெரியும். தோளில் ஏற்றிக்கொள்வது. கடனைத் தங்கோங் செய்வார்கள். ஜாமீனைத் தங்கோங் செய்வார்கள். தங்கோங் என்று சொன்னவன் கட்டித்தான் ஆக வேண்டும்.

நீதிபதி எழுதிக்கொண்டார். ஓங் லேசாகத் தலை வணங்கினார். ஏழாம் பிரிவு முடிந்தது என்பதுபோல் ஒரு வணக்கம்.

"அவர் அதைச் சொல்லலை!"

வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். நீதிபதி நிமிர்ந்தார். போலீஸ்காரர் விரலை உதட்டில் வைத்தார். நாராயணசாமி திரும்பிப் பார்த்தார்.

ஆனால் பாலகிருஷ்ணன் அதற்குள் எழுந்துவிட்டார்.

"துவான், சாட்சி சொன்ன தமிழ்ச் சொல் அதுவல்ல. அவர் சொன்னது 'பாத்துக்கிறேன்'. மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லட்டும்."

செல்லையா கைக்குட்டையை எடுத்தார்.

"துவான், சொல்லுக்குச் சொல் என்றால்... 'நான் பார்ப்பேன்'."

"எதைப் பார்ப்பார்?" என்றார் நீதிபதி.

"எதையும் பார்க்கமாட்டார், துவான். அப்படி ஒரு வழக்கம்."

ஓங் எழுந்தார். "அவர் சரியாகப் பார்க்காததால்தான் வீடே போயிற்று, துவான்."

கோர்ட்டு சிரித்தது. நாராயணசாமியின் பிடரி சிவந்தது.

"செல்லையா," என்றார் நீதிபதி. "ஆறுதலா, உறுதிமொழியா? ஒன்றைச் சொல்லுங்கள்."

"ஆறுதல்தான், துவான். ஆனால் சில நேரம்... பொறுப்பும்தான். சொல்கிற ஆளைப் பொறுத்து."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு சொல்லுக்கு எனக்கு ஒரு பொருள் வேண்டும். இல்லாவிட்டால் வாக்குமூலத்தில் இருப்பதை ஏற்பேன்."

காளியண்ணன் கூண்டிலிருந்து அங்கும் இங்கும் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு இப்போதுதான் மெல்லப் புரிந்தது. முகம் வெளுத்தது.

"ஐயா, நான் உங்களுக்கு நல்லதுதான்..."

"போதும். இறங்கலாம்," என்றார் செல்லையா.

*

அடுத்தது அழகேசன்.

அவன் டையை நீவிக்கொண்டு கூண்டை நோக்கி நடந்தான். லீலாவதி அவன் நடையையே பார்த்தாள். இதே நடையில் தன் வீட்டு ஹாலுக்குள் அவன் வந்த நாள் நினைவுக்கு வந்தது. காளியண்ணனின் வக்கீல் கடிதம் வந்த மறுநாள். நாராயணசாமி கடிதத்தை அவனிடம் நீட்டினார். இவள் டீ கொண்டுவந்தாள். அவன் டீயைக் குடித்துவிட்டு, காலாட்டிக்கொண்டு, என்ன சொன்னான்?

என்ன சொன்னான்!

கைப்பைக்குள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் சொல்வதெழுதுதல் தாள்கள் இருந்தன. ஒன்றை உருவிப் பின்பக்கத்தில் எழுதினாள். கை ஓடியது.

"பாலா, வக்கீல்கிட்ட குடு. ஓடு."

"இங்க ஓடக் கூடாது, அண்ணி."

"அப்ப வேகமா நட!"

பாலகிருஷ்ணன் தாளைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஓங் அழகேசனிடம் கேட்டதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முறை வந்ததும் எழுந்தார்.

"மிஸ்டர் அழகேசன், தமிழ் எங்கே படிச்சீங்க?"

"பத்தாங் பெர்ஜுந்தையில, சார். ஆறாம் ஆண்டு வரைக்கும்."

"வாதிக்கு இந்தக் காப்புறுதியை எடுத்துக் குடுத்த ஏஜெண்ட் நீங்க. காளியண்ணன் வாக்குமூலத்தை எழுதினதும் நீங்க."

"ஆமா, சார்."

"அவர் 'பாத்துக்கிறேன்'னு சொன்னாரு. நீங்க 'தங்கோங்'னு எழுதினீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான், சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. தமிழன் யாரக் கேட்டாலும் சொல்வான்."

"துவான், அதை அப்படியே பதிவு செய்ய வேண்டுகிறேன்."

நீதிபதி எழுதினார். ஓங் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அழகேசனைப் பார்த்தார்.

"போன வருஷம் ஜனவரியில வாதி வீட்டுக்குப் போனீங்க. காளியண்ணனோட வக்கீல் கடிதத்தை அவர் உங்க கையில குடுத்தாரு. ஞாபகம் இருக்கா?"

"லேசா."

"டீ குடிச்சீங்க. சீனி பத்தலன்னு கேட்டு வாங்கிப் போட்டீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அழகேசன் லீலாவதியைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கலாம், சார்."

"அவர் பயந்துபோய் இருந்தாரு. நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஞாபகமில்ல."

"நான் சொல்றேன். தப்பா இருந்தா மறுங்க. 'விடுங்கண்ணே, எல்லாம் நான் பாத்துக்கிறேன்.' சொன்னீங்களா, இல்லையா?"

அழகேசன் ஓங்கைப் பார்த்தான். ஓங் தன் காகிதத்தைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்க, மிஸ்டர் அழகேசன்."

"சொல்லியிருப்பேன், சார்."

"நல்லது." பாலகிருஷ்ணன் நீதிபதி பக்கம் திரும்பினார். "துவான், கம்பெனியின் ஏஜெண்ட் கம்பெனியின் சார்பில் இந்த நஷ்டஈடு முழுவதையும் தங்கோங் செய்துவிட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று அவரே சொன்னார். வழக்கு முடிந்தது."

"இல்ல சார்! ஐயோ!" அழகேசன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அது சும்மா லா! ஒரு பேச்சுக்குச் சொல்றது! எல்லாரும் சொல்வாங்க. துக்க வீட்டுல சொல்வாங்க, பஸ் ஏத்தி விடறப்ப சொல்வாங்க. அதுக்காகக் கட்டுறேன்னு அர்த்தமா? நான் எப்படி சார் தங்கோங் பண்ண முடியும்?"

செல்லையா அதை மலாயில் சொன்னார். இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை. துக்க வீடு, பஸ், எல்லாம் வந்தது. கடைசி வரியை இரண்டு முறை சொன்னார்.

கோர்ட்டு அதிர்ந்தது. போலீஸ்காரரும் சிரித்தார்.

நீதிபதி சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார்.

"எனக்கு வேண்டிய பொருள் கிடைத்துவிட்டது," என்றார். "மதியம் இரண்டு மணிக்குத் தொடரலாம்."

*

"அண்ணி, நீங்க வாத்தியாரா இருக்க வேண்டிய ஆளே இல்ல. அந்த ஓங்குக்கு வேலையே போச்சு!"

கோர்ட்டுக்கு எதிரே ஒட்டுக்கடை. பாலன் மேசையைத் தட்டினான். மீ கோரிங் நூடுல்ஸ் தட்டு துள்ளியது.

"சாப்பாட்ட கொட்டாத," என்றாள். முகம் பூரித்திருந்தது.

"தீர்ப்பு வந்த அன்னிக்கு பாசிர் பெனம்பாங்ல நண்டு. செலவு என்னுது. காளியண்ணன் மாமாவையும் இழுத்துட்டு வரேன்."

காளியண்ணன் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். பேசக் கூடாது என்று சொன்னதால் பேசவில்லை. ஆனால் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நாராயணசாமி மட்டும் தண்ணீரைக் குடித்தார். தட்டைத் தொடவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல, லீலா."

"ஏழாம் பிரிவு போச்சுங்க. இனி என்ன?"

அவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பாலன் இன்னொரு தே தாரேக் டீக்குக் குரல் கொடுத்தான். சொல்ல வந்தது நின்றுபோயிற்று.

*

இரண்டு மணிக்கு ஓங் எழுந்தபோது கையில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. பச்சை அட்டை. காட்டில் நின்று அளவு எழுதுகிற புத்தகம்.

"துவான், இது வாதியின் அலுவலகத்திலிருந்து முறைப்படி கேட்டு வாங்கியது. இதைப் பற்றி வாதியிடம் சில கேள்விகள் மட்டும் கேட்க வேண்டும். அவரை மீண்டும் கூண்டுக்கு அழைக்க அனுமதி வேண்டும்."

பாலகிருஷ்ணன் மறுத்தார். நீதிபதி அனுமதித்தார்.

லீலாவதிக்குப் பக்கத்தில் பாலன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்த அவன் கால் நின்றிருந்தது.

"காப்புறுதியின் பதினோராம் பிரிவு, துவான்," என்றார் ஓங். குரல் உயரவில்லை. "'லைசென்ஸ் பெற்றவர் நேரில் நின்று மேற்பார்வை செய்யாத வேலைக்கு இந்தக் காப்புறுதி இல்லை.'"

பதினோராம் பிரிவு. லீலாவதி அதை ஒருமுறைகூடப் படித்ததில்லை.

நாராயணசாமி கூண்டில் ஏறினார். அவருக்குச் செல்லையா தேவையில்லை. ஆங்கிலத்திலேயே பதில் சொல்வார்.

"இந்தப் புத்தகத்தில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதா?"

"என் தம்பி எழுதியது. நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். அது வழக்கம்தான்."

"ஈஜோக்கில் காளியண்ணன் நிலத்தில் கல் நட்ட தேதியைப் படியுங்கள்."

அவர் புத்தகத்தை வாங்கினார். படிக்க நேரமெடுத்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, ஜூலை பதினெட்டு."

லீலாவதி அந்தப் பச்சைப் புத்தகத்தையே பார்த்தாள்.

நில அளவைப் பிளானில் ஆகஸ்டு என்றுதான் போட்டிருந்தது. கல் நட்ட தேதியை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஜூலை பதினெட்டு அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்த நாள். கிள்ளான் ஆஸ்பத்திரி. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது கட்டில் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று நர்ஸ் சொன்னாள்.

பாலனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த நாள் முழுவதும் நீங்கள் எங்கே இருந்தீர்கள், மிஸ்டர் நாராயணசாமி?"

அவர் ஓங்கைப் பார்க்கவில்லை. நீதிபதியையும் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேலே, சுவரில், எதையோ பார்த்தார்.

"ஈஜோக்கில்."

"கல் நட்டபோது?"

"பக்கத்தில் நின்றேன்."

"நன்றி." ஓங் உட்கார்ந்தார். புத்தகத்தை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். முகத்தில் ஏமாற்றம் இல்லை.

நீதிபதி மறுநாள் காலை ஒன்பதுக்கு ஒத்திவைத்தார்.

*

வராந்தாவில் பாலகிருஷ்ணன் ஏறக்குறைய ஓடி வந்தார். கறுப்பு அங்கி பின்னால் பறந்தது.

"டீச்சர், இன்னும் ஒரு படிதான். அந்த ஓங் கையில வேற ஒண்ணும் இல்ல. ஆனா ஏதோ தேடுறான். அவன் தேடி எடுக்கறதுக்கு முன்னால நாம ஒரு சாட்சிய ஏத்திடணும். அன்னிக்கு இவர் ஈஜோக் போனதப் பாத்த ஆளு."

நாராயணசாமி தூரத்தில் தூணோரம் நின்றார். இங்கே வரவில்லை.

"யாரு?" என்றாள் லீலாவதி.

"நீங்கதான்! சாட்சி உள்ள உக்காந்து எல்லாத்தையும் கேக்கக் கூடாதேன்னு ஓங் கத்துவான். கத்தட்டும். காலையில கெளம்பினாரு, சோறு கட்டிக் குடுத்தேன், பொழுது சாய வந்தாரு. மூணே வரி. நாளைக்குக் கூண்டுல ஏறிச் சொன்னாப் போதும், உங்க வீட்ட யாரும் தொட முடியாது."

"சார்..." என்றான் பாலன். "அண்ணிய ஏத்தாதீங்க, சார்."

"ஏன்? காலையில பாத்தீங்கல்ல, அவங்க எவ்வளவு தெளிவுன்னு!" பாலகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிறேன். அன்னிக்கு என்ன சமைச்சீங்க? அந்த மாதிரி சின்ன விஷயம் ஒண்ணு இருந்தா நீதிபதி நம்புவார்."

லீலாவதி தூணோரம் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் இதற்குமுன் இவ்வளவு சின்ன மனிதராகத் தெரிந்ததில்லை.

"அன்னிக்கு நான் சமைக்கல, சார்," என்றாள்.